விண்கலத்தில் பெயர் அனுப்பப் போகிறீர்களா? அனுப்பும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

விண்கலத்தில் உங்கள் பெயரை ஏற்ற ஐந்து நிமிடம் போதும், காசும் கிடையாது. நாசா மாதிரியான விண்வெளி அமைப்புகள் பெயர் கேட்டு அறிவிக்கும்போது அந்தத் தளத்துக்குப் போய்ப் பெயர், நாடு, சில சமயம் மின்னஞ்சல் முகவரி எல்லாம் கொடுத்து அனுப்பினால், உங்கள் பெயர் போட்ட போர்டிங் பாஸ் ஒன்று உடனே திரையில் வந்து நிற்கும். அதைச் சேமித்துக்கொள்ளலாம், நண்பர்களுக்குக் காட்டலாம், அவ்வளவுதான் வேலை. இதற்கு எதற்கு இவ்வளவு நீளமான வழிகாட்டி என்று தோன்றும். அந்த ஐந்து நிமிடத்தில் நான் கோட்டைவிட்டது இன்றுவரை உறுத்துகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

2019ல் அம்மா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. செவ்வாய்க்குப் போகப்போகும் ரோவர் என்கிற ஆய்வு ஊர்திக்கு நாசா பெயர் சேகரித்துக்கொண்டிருந்தது. பெர்செவரன்ஸ் என்ற பெயரே அப்போது வைக்கப்படவில்லை, மார்ஸ் 2020 என்றுதான் சொன்னார்கள். செப்டம்பர் 30 கடைசி நாள். ராத்திரி எல்லோரும் தூங்கியபிறகு போனில் அம்மாவின் பெயரைப் பதிந்தேன். ஆங்கிலத்தில் எழுதும்போது அம்மா வாழ்நாளில் ஒருநாளும் போடாத ஓர் எழுத்தைக் கடைசியில் சேர்த்துவிட்டேன். நான் கவனித்தபோது தேதி முடிந்துவிட்டது. அந்த எழுத்தோடுதான் அம்மா செவ்வாயில் இருக்கிறார்.

பெயர் எங்கே போய் முடியும்?

படிவத்தைத் திறக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதைத்தான், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. எல்லாக் கலமும் ஒரே மாதிரி முடிவதில்லை. சில எரிந்துபோகும், சில திரும்பி வரும், சில போன இடத்திலேயே கிடக்கும், சில போய்க்கொண்டே இருக்கும்.

எரிந்துபோனதில் முக்கியமானது காசினி. 1997 அக்டோபரில் கிளம்பிய அந்தக் கலத்தில் ஒரு டிவிடி இருந்தது. 81 நாடுகளிலிருந்து வந்த 6,16,400 கையெழுத்துகளை ஸ்கேன் செய்து அதில் ஏற்றியிருந்தார்கள், வளர்ப்பு நாய் பூனைகளின் பாதத் தடம்கூட உண்டு. சனியை 13 வருஷம் சுற்றியபிறகு, 2017 செப்டம்பர் 15 அன்று, கலத்தைச் சனியின் காற்று மண்டலத்துக்குள்ளேயே செலுத்தி அழித்தார்கள். எரிபொருள் தீர்ந்த கலம் என்றைக்காவது என்செலடஸ் மாதிரி உயிர் வாழ வாய்ப்புள்ள நிலவில் மோதி, பூமியின் கிருமிகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். அந்தக் கையெழுத்துகள் இன்று சனியோடு கலந்துவிட்டன. 2005 ஜூலை 4 அன்று டெம்பல் 1 வால்நட்சத்திரத்தில் வேண்டுமென்றே மோதவிடப்பட்ட டீப் இம்பாக்ட் மோதுகலத்திலும் சுமார் ஆறேகால் லட்சம் பெயர்கள் கொண்ட ஒரு சிடி இருந்தது, அதுவும் மோதிய கணத்தில் போயிற்று. இதைக் குறையாக நான் சொல்லவில்லை. சனியோடு கலப்பது சிலருக்கு மிகவும் பிடித்த முடிவாக இருக்கலாம். ஆனால் தெரிந்து அனுப்ப வேண்டும்.

திரும்பி வந்ததற்கு ஸ்டார்டஸ்ட். 1999ல் போன அந்தக் கலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. வியட்நாம் போரில் இறந்த 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களின் பெயர்களையும் அவற்றோடு சேர்த்திருந்தார்கள். 2006 ஜனவரியில் வால்நட்சத்திரத் தூசியோடு அதன் பெட்டகம் பூமியில் வந்து இறங்கியது. 2014 டிசம்பரில் ஓரியன் கலத்தின் முதல் சோதனைப் பயணத்தில் போன 13 லட்சம் பெயர்களும் அப்படித்தான், நாலரை மணி நேரம் பறந்துவிட்டுப் பசிபிக்கில் இறங்கிவிட்டன.

போன இடத்திலேயே கிடப்பவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது ஜப்பானின் ஹயபுசா கலம் போட்ட பந்து. இடோகாவா என்கிற, அரைக் கிலோமீட்டரை விடக் கொஞ்சம்தான் நீளமான சிறுகோளுக்குப் போன கலம் ஹயபுசா. தரையிறங்கும்போது அடையாளத்துக்காக ஒரு சின்னப் பந்தைக் கீழே போட வேண்டியிருந்தது. அந்தச் சிறுகோளில் ஈர்ப்பு மிகக் குறைவு, சாதாரணப் பந்து என்றால் எகிறிப் போய்விடும், அதனால் உள்ளே சிறு மணிகளைப் போட்டு அசைவை அடக்கினார்கள். அந்தப் பந்துக்குள் 149 நாடுகளைச் சேர்ந்த 8,80,000 பேரின் பெயர்கள் எழுதிய மெல்லிய தாள் ஒன்றையும் வைத்தார்கள். 2005 நவம்பரில் போட்ட பந்து. காற்றோ மழையோ இல்லாத இடம். கலத்துக்கு வழிகாட்டிய அடையாளமே இத்தனை பேரின் பெயரைச் சுமந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

போய்க்கொண்டே இருப்பது நியூ ஹொரைசன்ஸ். 2006 ஜனவரியில் கிளம்பி 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவைக் கடந்தது, சூரியக் குடும்பத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறது. 4,34,738 பெயர்கள் ஒரு சிடியில் இருக்கின்றன. 1930ல் புளூட்டோவைக் கண்டுபிடித்த கிளைட் டாம்பாவின் அஸ்தியில் கொஞ்சமும் அதே கலத்தில் போகிறது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? என் கணிப்பு இது: இறந்துபோன ஒருவருக்காக என்றால் தரையிறங்கும் கலத்துக்குக் காத்திருங்கள், ஏனென்றால் இன்ன இடம் என்று கைநீட்டிச் சொல்ல முடியும். குழந்தைக்காக என்றால் நீண்ட பயணம் நல்லது. யூரோப்பா கிளிப்பர் 2024 அக்டோபரில் கிளம்பியது, 26 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு 2030 ஏப்ரலில்தான் வியாழனுக்குப் போய்ச் சேரும். பெயர் கொடுத்தபோது ஐந்து வயதாக இருந்த குழந்தை அப்போது பள்ளிப்படிப்பின் பாதியைத் தாண்டியிருக்கும், தன் பெயர் போய்ச் சேர்ந்த செய்தியைத் தானே படிக்கும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள், திட்டங்கள் தடம் மாறும். நிலவுக்கான வைப்பர் ரோவருக்கு 2024 மார்ச் வரை பெயர் வாங்கினார்கள், அதே வருஷம் ஜூலையில் திட்டத்தையே நிறுத்துவதாக அறிவித்தார்கள், 2025ல் வேறொரு இறங்குகலத்தில் அனுப்புவதாக மறுபடி சொன்னார்கள். அதனால் ஒரே கலத்தை நம்பியிருக்காமல் கிடைக்கும் ஒவ்வொரு வாய்ப்பிலும் பதியுங்கள்.

எதில் எழுதுகிறார்கள்?

டிவிடி, மெமரி கார்டு, சிலிக்கான் சில்லு என்று மூன்று வகை அடிக்கடி வரும். பார்க்கர் சூரிய ஆய்வுக் கலத்தில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் ஒரு மெமரி கார்டில் இருக்கின்றன. 2024 டிசம்பர் 24 அன்று சூரியனிலிருந்து வெறும் 61 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் அது பறந்தது. மெமரி கார்டில் இருப்பது மின்னேற்றம், காலப்போக்கில் அது கசியும். சில்லில் இருப்பது உண்மையான எழுத்து. நாசாவின் ஆய்வகத்தில் எலக்ட்ரான் கற்றையைக் கொண்டு சிலிக்கானில் பெயர்களை வரிவரியாகச் செதுக்குகிறார்கள், ஒரு வரியின் உயரம் 75 நானோமீட்டர், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெர்செவரன்ஸில் விரல்நகம் அளவுள்ள மூன்று சில்லுகள்தான் இருக்கின்றன, அவற்றில் 1,09,32,295 பெயர்கள். ஒரு கோடிக்கு மேல்! கல்மேல் எழுத்து என்று சொல்வோமே, மணலிலிருந்து வரும் சிலிக்கானில் செதுக்கியிருப்பதால் அந்தச் சொல் இங்கே அப்படியே பொருந்தும். சில்லில் செதுக்கப்படும் வாய்ப்பு வந்தால் நான் தவறவிட மாட்டேன்.

படிவத்தில் கவனிக்க வேண்டியவை

எழுத்துக்கூட்டலை அவசரப்பட்டு எழுதாதீர்கள், என் கதையைத்தான் மேலே சொன்னேனே. அந்த மனிதர் தன் பெயரை எப்படி எழுதினாரோ அப்படியே எழுதுங்கள். பழைய கையெழுத்தையோ அடையாள அட்டையையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சரிபாருங்கள். ஒரே பெயரை வேறு வேறு ஆவணங்களில் வேறு வேறு மாதிரி எழுதியிருந்தால், அவர் தன் கையால் எழுதியதைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

குடும்பப் பெயர் இல்லாதவர்கள் இரண்டாவது கட்டத்தில் என்ன போடுவது என்று குழம்புவார்கள், அது கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டமாக இருக்கும். முதலெழுத்தை மட்டும் போடுவதைவிட அப்பாவின் அல்லது அம்மாவின் முழுப்பெயரைப் போடுங்கள், ஒரே பதிவில் இரண்டு பேர் போவார்கள். படிவம் தமிழ் எழுத்தை ஏற்கிறதா என்று முதலில் முயன்று பார்த்துவிடுங்கள், ஏற்றால் தமிழிலேயே எழுதுங்கள். 1977ல் வாயேஜர் கலங்களில் போன தங்கத்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது, தெலுங்கு, கன்னடம், சிங்களம், இந்தி எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆறாத வருத்தம்.

கடைசித் தேதி பெரும்பாலும் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரப்படி நள்ளிரவு வரை இருக்கும், அதை உங்கள் நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள், ஆனால் கடைசி நாள்வரை போகாதீர்கள். சில படிவங்களில் நீங்களே ஒரு சிறிய ரகசிய எண் போட வேண்டியிருக்கும், பிறகு பாஸை மறுபடி எடுக்க அதுதான் சாவி, தொலைத்தால் அவர்களாலும் எடுத்துத் தர முடியாது. உயிரோடு இருப்பவரின் பெயர் என்றால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், குழந்தை என்றால் உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள். பிறந்த தேதி, போன் எண், வங்கி விவரம் எதையும் இந்த மாதிரிப் படிவத்தில் கேட்கவே கூடாது. கேட்டால் அது போலித் தளம், மூடிவிடுங்கள்.

காசு கொடுக்கக் கூடாத இடங்கள்

நட்சத்திரத்துக்குப் பெயர் வைத்துச் சான்றிதழ் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். வான்பொருள்களின் பெயர்களை முறைப்படி ஏற்கும் அமைப்பு சர்வதேச வானியல் ஒன்றியம், அது பெயர்களை விற்பதில்லை. வாங்கிய பெயர் அந்த நிறுவனத்தின் பட்டியலில் மட்டும்தான் இருக்கும், எந்த வானியலாளரும் அதைப் பயன்படுத்த மாட்டார். துக்கத்தில் இருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். நிலவில் மனை விற்பதும் இதே கதைதான், 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கைப்படி எந்த நாடும்கூட நிலவைச் சொந்தம் கொண்டாட முடியாது.

அஸ்தி அனுப்புவது வேறு. அது உண்மையிலேயே நடக்கிறது. நிலவியல் அறிஞர் யூஜின் ஷூமேக்கரின் அஸ்தி லூனார் ப்ராஸ்பெக்டர் கலத்தோடு 1999 ஜூலை 31 அன்று நிலவில் போய்ச் சேர்ந்தது. ஆனால் 2024 ஜனவரியில் பலரின் அஸ்தியோடு நிலவுக்குக் கிளம்பிய பெரெக்ரின் இறங்குகலம், எரிபொருள் கசிந்து, நிலவுக்குப் போகாமலேயே திரும்பிவந்து பசிபிக்கின் மேல் எரிந்துவிட்டது. நிலவில் அஸ்தி வைப்பதையே அமெரிக்காவின் நவஹோ பழங்குடி மக்கள் எதிர்த்தார்கள், நிலவு அவர்களுக்குப் புனிதமானது. இந்த இரண்டையும் யோசித்துவிட்டு முடிவெடுங்கள். அனுப்புவதாக இருந்தால் கொஞ்சம் மட்டும் அனுப்புங்கள், முழுவதையும் ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

படிவம் நிரப்பாமலும் பெயர் நிற்கும்

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த வழி, கொஞ்சம் உழைப்பும் நிறையப் பொறுமையும் வேண்டும். 2019 செப்டம்பரில் சந்திரயான் 2இன் விக்ரம் இறங்குகலம் நிலவில் விழுந்து நொறுங்கியது. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. நாசாவின் நிலவுச் சுற்றுக்கலம் அந்தப் பகுதியை எடுத்த படத்தை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். சண்முக சுப்பிரமணியன் என்கிற பொறியாளர் அதை எடுத்துவைத்துக்கொண்டு, முன்பு எடுத்த படத்தோடு புள்ளி புள்ளியாக ஒப்பிட்டுப் பார்த்து, முன்பு இல்லாத ஒரு வெளிச்சப் புள்ளியைக் கண்டுபிடித்து எழுதிப்போட்டார். நாசா சரிபார்த்தது, அவர் சொன்னது சரி. டிசம்பரில் வெளியிட்ட படத்தில் உடைந்த துண்டுகள் கிடக்கும் இடங்களைப் புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறார்கள், அவர் கண்டுபிடித்த துண்டின் பக்கத்தில் ஆங்கில எஸ் என்ற ஒற்றை எழுத்து. அது அவருடைய பெயரின் முதல் எழுத்து. நிலவின் அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும் யாரும் அந்த எழுத்து யாருடையது என்று படித்துத்தான் ஆக வேண்டும்.

நெதர்லாந்தின் பள்ளி ஆசிரியை ஹனி வான் ஆர்கெலும் இப்படித்தான். 2007ல் கேலக்ஸி ஜூ திட்டத்தில் பொதுமக்களில் ஒருவராக விண்மீன் மண்டலப் படங்களைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தபோது, விளங்காத ஒரு நீலப் பொருளைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக இன்று வானியல் கட்டுரைகளில் அதற்கு ஹனியின் பொருள் என்றே பெயர்.

எங்கே தொடங்குவது என்றால், பொதுமக்கள் ஆய்வுக்கு உதவும் ஜூனிவர்ஸ் தளத்தில் கோள் தேடும் திட்டங்களும் விண்மீன் மண்டலத் திட்டங்களும் இருக்கின்றன, பயிற்சியும் அங்கேயே கொடுத்துவிடுவார்கள். வியாழனைச் சுற்றும் ஜூனோ கலத்தின் கேமரா எடுத்த மூலப்படங்கள் பொதுவில் கிடைக்கின்றன. அதை மெருகேற்றி வெளியிடுபவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஆர்வலர்கள், படத்தின் கீழே அவர்கள் பெயர் வரும். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து சிறுகோள் தேடும் திட்டங்களும் உண்டு. உங்கள் கண்டுபிடிப்பு உறுதியாகி, அதன் சுற்றுப்பாதை நன்றாகத் தெரிந்து, எண் கொடுக்கப்பட்டபிறகுதான் பெயர் முன்மொழிய முடியும், அதற்குப் பல வருஷம் ஆகும். 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, வணிகப் பெயர் கூடாது, அரசியல்வாதி என்றால் அவர் இறந்து 100 வருஷம் ஆகியிருக்க வேண்டும். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களுக்கும் அந்த நட்சத்திரங்களுக்கும் பெயர் வைக்கச் சர்வதேச வானியல் ஒன்றியமே அவ்வப்போது பொதுப்போட்டி நடத்துகிறது. 2019ல் இந்தியாவிலிருந்து தேர்வான பெயர் இயற்பியலாளர் பிபா சவுத்ரியைக் குறிக்கும் பிபா, இன்று அது ஒரு நட்சத்திரத்தின் முறையான பெயர்.

அனுப்பியபிறகு பூமியில் செய்ய வேண்டியது

1971ல் அப்பல்லோ 15 வீரர்கள் நிலவில் ஒரு சின்ன அலுமினிய உருவத்தையும் ஒரு தகட்டையும் வைத்துவிட்டு வந்தார்கள். விண்வெளி முயற்சியில் உயிர்விட்ட 14 பேரின் பெயர்கள் அந்தத் தகட்டில் இருக்கின்றன, எட்டு அமெரிக்கர்கள், ஆறு சோவியத் வீரர்கள். சோவியத் விண்வெளி வீரர் வாலண்டின் போந்தரென்கோவின் பெயர் இல்லை. அவர் 1961ல் பயிற்சி அறைத் தீவிபத்தில் இறந்தார். அவர் இறந்த செய்தியையே சோவியத் அரசு மறைத்துவைத்திருந்தது, 1980களில்தான் வெளியே வந்தது. பூமியில் யாரும் சொல்லாததால் நிலவிலும் அந்தப் பெயர் இல்லாமல் போய்விட்டது. அதனால்தான் சொல்கிறேன், சில்லில் செதுக்கியதோடு வேலையை முடித்துவிடாதீர்கள், இந்தப் பெயர் அங்கே இருக்கிறது என்று தெரிந்த ஓர் ஆளாவது இங்கே இருக்க வேண்டும்.

போர்டிங் பாஸைப் போனில் மட்டும் வைக்காமல் நல்ல தாளில் அச்செடுங்கள், போன் மாறும்போது முதலில் தொலைவது இப்படிப்பட்ட படங்கள்தான். பின்பக்கம் கையால் எழுதுங்கள்: யார், அவரை யாருக்குத் தெரியும், எந்தக் கலம், எந்தத் தேதி, ஏன் அனுப்பினீர்கள். வீட்டில் உங்களைவிட வயதில் சின்னவர் ஒருவரிடம் அதைக் காட்டிச் சொல்லிவையுங்கள். கலம் கிளம்பும் நாளிலும் போய்ச் சேரும் நாளிலும் நேரலை இருக்கும், சேர்ந்து பாருங்கள்.

செவ்வாய்க்கு அனுப்பியவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி உண்டு. பெர்செவரன்ஸில் அந்த மூன்று சில்லுகளும் பதித்த பலகையை ரோவரின் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில், அதன் கேமராவுக்குத் தெரிகிற இடத்தில்தான் பொருத்தியிருக்கிறார்கள். ரோவர் அனுப்பும் மூலப்படங்கள் எல்லாம் நாசாவின் தளத்தில் பொதுவில் கிடைக்கின்றன, பொறுமையாகத் தேடினால் அந்தப் பலகை தெரியும் படம் கிடைக்கும். எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பலகையின் மேல் செவ்வாயின் தூசி படிந்திருந்தது. அதை அச்செடுத்து, அம்மா கணக்கு எழுதும் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன், அந்த நோட்டின் முதல் பக்கத்தில் அம்மா தன் பெயரை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருப்பார். படத்தின் பின்னால் அதே மாதிரி தமிழில் எழுதி நானும் இரண்டு கோடு போட்டேன், ஆங்கிலத்தில் கூடிப்போன எழுத்தைப் பற்றியும் ஒரு வரி எழுதிவைத்தேன், பின்னால் யாராவது தேடினால் குழம்பக் கூடாது இல்லையா. இறங்கிய நாள் 2021 பிப்ரவரி 18, இறங்கிய இடம் ஜெசெரோ பள்ளம், 18.4 பாகை வடக்கு, 77.5 பாகை கிழக்கு.

இப்போது இருக்கும் இடத்தை மட்டும் பென்சிலில் எழுதுங்கள். 2024 டிசம்பரில் ரோவர் அந்தப் பள்ளத்தின் விளிம்பு மேலேயே ஏறிவிட்டது. நான் ஏற்கெனவே மூன்று முறை அழித்து எழுதியாகிவிட்டது.